அடுப்பங்கரையில் தனக்கென்று ஒரு மூலை



போன பதிவு நீளமாக இருந்தது என்று பெங்களூரில் இருக்கும் மாணவர் ஒருவர் குறைப்பட்டுக்கொண்டார். இது அதைவிட நீளம். மணி அடிக்கும் வரை உட்கார்ந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இப்போது கிடையாது. பாதியில் எழுந்து போகிறவர்கள் போகலாம்.

சென்ற மாதம் 1994 பத்தாம் வகுப்பு செட் மாணவி ஒருத்தி போன் செய்தாள். அவள் அனுமதியோடுதான் எழுதுகிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றாள். யூடியூபில் சமையல் சேனல் ஆரம்பித்து எட்டு மாதம் ஆகிறதாம். 41 வீடியோ போட்டிருக்கிறாள். அதிகம் பேர் பார்த்தது 212. "அதுலயும் பாதி என் தம்பி பார்த்தது சார்" என்று சிரித்தாள். "உங்க பேஸ்புக்ல நம்ம செட் ஆளுங்க எல்லாரும் இருக்காங்க. கொஞ்சம் ஷேர் பண்ணி விடுவீங்களா?"

சரி என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து பார்த்தேன். சிக்கன் பிரியாணி, சில்லி சிக்கன், பன்னீர் பட்டர் மசாலா, மறுபடியும் பிரியாணி. கை சுத்தம், பேச்சும் தெளிவு. ஆனால் பிரியாணி பார்க்க வேண்டுமென்றால் புதுக்கோட்டைப் பக்கம் சின்ன வீரமங்கலத்தில் ஒரு தாத்தாவும் பேரன்களும் வயல்வெளியில் அண்டா வைத்துச் செய்கிறார்களே, வில்லேஜ் குக்கிங் சேனல், அதைப் பார்த்துவிட்டுப் போவார்கள். 2018-ல் தொடங்கி 2021-ல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்டவர்கள். ஒற்றை அடுப்பை வைத்துக்கொண்டு அவர்களோடு போட்டி போட முடியுமா?

இதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் யோசித்தேன். ஏனென்றால் அவள் இதை விளையாட்டாகச் செய்யவில்லை. வீட்டுக்காரர் இரண்டு வருடமாக வேலைக்குப் போகவில்லை. இவள் தையல் மிஷின் ஓட்டிக் குடும்பத்தை இழுக்கிறாள். வீடியோ எடுக்கிற போன் தவணையில் வாங்கியது. "இன்னும் ரெண்டு மாசம் பாக்குறேன் சார். இல்லன்னா போனை வித்துடுவேன்" என்றாள்.

எனக்குக் காமிரா தெரியாது, எடிட்டிங் தெரியாது. தெரிந்தது சரித்திரம் ஒன்றுதான். இவளுக்கு வந்த கஷ்டம் இதற்கு முன்னால் யாருக்கெல்லாம் வந்திருக்கிறது என்று பழைய குறிப்புகளைத் தேடினேன். இந்தக் கஷ்டத்துக்கு வயது கிட்டத்தட்ட 280.

1747-ல் லண்டனில் ஒரு சமையல் புத்தகம் வந்தது. எழுதியவர் பெயர் இல்லை. "ஒரு பெண்மணி" என்று மட்டும் போட்டிருந்தது. அந்தப் பெண்மணி ஹன்னா கிளாஸ். அன்றைய சமையல் புத்தகங்கள் பல பிரபுக்கள் வீட்டு ஆண் சமையல்காரர்கள் எழுதியவை. பிரெஞ்சு வார்த்தைகளாகக் கொட்டிக் கிடக்கும். ஹன்னா அந்தப் பக்கமே போகவில்லை. வீட்டு வேலைக்கு வரும் பெண்ணுக்குப் புரிகிற மொழியில் எழுதுவேன், உயர்ந்த நடை எனக்கு வேண்டாம் என்று முன்னுரையிலேயே சொல்லிவிட்டார். எஜமானிக்கும் அதில் லாபம்: புத்தகத்தை வேலைக்காரியிடம் கொடுத்துவிட்டால், பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்கிற வேலை மிச்சம். புத்தகம் கிட்டத்தட்ட நூறு வருடம் அச்சில் இருந்தது.

அதில் இந்தியக் கறி ஒன்றும் உண்டு. ஆங்கிலத்தில் அச்சேறிய முதல் கறிக் குறிப்புகளில் ஒன்று என்பார்கள். கொத்தமல்லி விதையும் மிளகும்தான் மசாலா. மிளகாய் இல்லை. நம் ஊர்ப் பிள்ளைத்தாய்ச்சிக்கு வைக்கும் மிளகுக் குழம்பை எட்டத்தில் நின்று பார்த்தவர் எழுதியது போல இருக்கும்.

ஹன்னாவைத் தியாகியாக்கவும் எனக்கு விருப்பமில்லை. புத்தகத்தில் முந்நூறுக்கும் மேற்பட்ட குறிப்புகள் மற்றவர்களிடமிருந்து எடுத்தவை என்று பிற்கால ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். அன்றைக்கு எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள், இன்றைக்கும் செய்கிறார்கள். அவர் சொந்தமாகக் கண்டுபிடித்தது யாருக்காக எழுதுவது என்பதை. வாழ்க்கை என்னவோ அவரைச் சும்மா விடவில்லை. 1754-ல் திவாலாகி, புத்தக உரிமையை விற்று, பின்னர் கடன்காரர் சிறைக்கும் போனார். எழுதியது ஒரு ஆண் மருத்துவர் என்று ஊர் நம்பியது. பெண்களால் நல்ல சமையல் புத்தகம் எழுத முடியாது என்று டாக்டர் ஜான்சன் கருத்துச் சொன்னதை பாஸ்வெல் எழுதி வைத்திருக்கிறார். எழுதியவர் ஹன்னாதான் என்று ஆதாரத்தோடு உறுதியானது 1938-ல்!

ஊர் ஊராகப் போய்ச் சாப்பிட்டுவிட்டு "வேற லெவல்" என்கிறார்களே தம்பிகள், அவர்களுக்கும் ஒரு மூதாதை உண்டு. பாரீஸில் கிரிமோ த லா ரெய்னியேர் என்ற பணக்கார வீட்டுப் பிள்ளை. பிறவியிலேயே இரு கைகளும் ஊனம். செயற்கைக் கைகள் பொருத்தி எழுதினார். பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் பாரீஸில் உணவகங்கள் பெருகின. புதிதாகப் பணம் பார்த்தவர்களுக்கு எங்கே போய் என்ன சாப்பிடுவது என்று தெரியவில்லை. அவர்களுக்காக 1803 முதல் 1812 வரை எட்டுத் தொகுதி எழுதினார். கடைக்காரர்கள் பண்டம் அனுப்புவார்கள், இவர் நண்பர்களோடு குழுவாக உட்கார்ந்து தின்று தீர்ப்புச் சொல்வார். ஓசியில் சாப்பிடுகிறார் என்ற பழியும் அப்போதே வந்துவிட்டது. இதற்கு மேல் அவரைப் பற்றிச் சொல்ல எனக்கு ஆசையில்லை. நம் மாணவிக்கு அவர் வழி உதவாது.

உதவக்கூடியவர் அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்து இர்மா ரொம்பாவர். ஜெர்மனியிலிருந்து குடியேறிய குடும்பம். கணவர் வழக்கறிஞர். 1930 பிப்ரவரியில் அவர் தற்கொலை செய்துகொண்டார். இர்மாவுக்கு 52 வயது. பங்குச்சந்தை விழுந்து மூன்றே மாதம். நாடே வேலையில்லாமல் தெருவில் நின்ற காலம். கையில் இருந்த சேமிப்பு ஏறக்குறைய 6,000 டாலர். அதில் பாதியை எடுத்து ஒரு சமையல் புத்தகம் போடப் போகிறேன் என்றார்.

சுற்றமும் நட்பும் திகைத்துப் போயின. ஏனென்றால் இர்மா நல்ல சமையல்காரி என்று யாரும் பெயர் சொன்னதில்லை! விருந்துக்கு அழைப்பார், அருமையாகப் பேசுவார், சமையல் சுமார். 1931-ல் உள்ளூர் அச்சகம் ஒன்றில் 3,000 பிரதி அடித்தார். அந்த அச்சகம் அதுவரை புத்தகமே போட்டதில்லை. செருப்புக் கம்பெனிக்கும் வாய் கொப்பளிக்கும் மருந்துக்கும் லேபிள் அடித்துக்கொண்டிருந்த இடம். அட்டைப்படம் மகள் மரியன் வரைந்தது. விற்பனை இர்மாவின் வீட்டிலிருந்தே.

அது ஏன் விற்றது? அன்றைய நடுத்தர வர்க்கத்து வீடுகளில் சமையலுக்கு ஆள் இருந்தது. பொருளாதார வீழ்ச்சியில் ஆளை நிறுத்தினார்கள். நாற்பது வயது வரை அடுப்பு பற்ற வைக்காத பெண்கள் முதல் முறையாகச் சமையலறைக்குள் போனார்கள். பயத்தோடு போனார்கள். வல்லுநர் எழுதிய புத்தகத்தைத் திறந்தால் இன்னும் பயமாக இருந்தது. இர்மா பக்கத்தில் நின்று பேசுகிற தோழியைப் போல எழுதினார். தனக்குப் பொங்கி வழிந்ததையும் தீய்ந்ததையும் மறைக்கவில்லை. 1936-ல் பெரிய பதிப்பகத்தின் வழி வந்த பதிப்பில் இன்னொரு வேலையும் செய்தார். சாமான் பட்டியலைத் தனியாகப் போடாமல், எந்தக் கட்டத்தில் எது தேவையோ அந்த இடத்திலேயே எழுதினார். பதற்றமாக இருப்பவளுக்கு மேலும் கீழும் தேட வேண்டாம் பாருங்கள்.

அவருடைய சுமாரான சமையல்தான் அவருக்கு மூலதனமாயிற்று. இந்த இடத்தை நான் இரண்டு முறை படித்தேன். ஒப்பந்தத்தில் முதல் பதிப்பின் உரிமையையும் சேர்த்து எழுதிக் கொடுத்து ஏமாந்து, பதிப்பகத்தோடு பல வருடம் மல்லுக்கட்டினார் என்பது வேறு கதை. (எதிலும் கையெழுத்துப் போடுமுன் படித்துப் பாருங்கள் என்று வகுப்பில் எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்!) அந்தப் புத்தகம் இன்றும் விற்கிறது.

இனி நம் ஊர். எஸ். மீனாட்சி அம்மாளின் "சமைத்துப் பார்" உங்களில் பலர் வீட்டில் இருக்கும். இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். உறவுப் பெண்கள் திருமணமாகி வெளியூர் போவார்கள். போன இடத்திலிருந்து "சாம்பாருக்கு என்ன அளவு, ஊறுகாய்க்கு என்ன பக்குவம்" என்று கடிதம் எழுதுவார்கள். இவர் ஒவ்வொருத்திக்கும் பதில் எழுதுவார். எத்தனை பேருக்குத்தான் எழுதுவாய், புத்தகமாகப் போட்டுவிடேன் என்று உறவினரான வழக்கறிஞர் கே. வி. கிருஷ்ணசாமி அய்யர் ஊக்கம் கொடுக்க, 1951-ல் முதல் பாகம் வந்தது. பிறகு இன்னும் இரண்டு பாகம். 1968-ல் ஆங்கிலத்திலும் வந்துவிட்டது. அவர் வாசகரைத் தேடிப் போகவில்லை பாருங்கள். கேள்வியோடு வாசகர்கள் முதலில் வந்துவிட்டார்கள்.

எங்கள் வீட்டிலும் அந்தப் புத்தகம் ஒன்று இருந்தது. 1967-ல் அக்காவுக்குக் கல்யாணமாகி பிலாய்க்குப் போனபோது டிரங்குப் பெட்டியில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்து அனுப்பினோம். அக்கா இதைப் படிப்பார். தப்பிருந்தால் கமெண்டில் திருத்துவார். அக்காவுக்கு அந்தப் புத்தகத்தில் ரசம் கிடைத்தது, அவியல் கிடைத்தது. மீன் குழம்பு கிடைக்கவில்லை. அது சைவச் சமையல் புத்தகம். எழுதியவர் தன் வீட்டு அடுப்பை எழுதினார், அதில் குற்றம் இல்லை. ஆனால் அக்காவுக்கு மாப்பிள்ளை வீட்டில் மீன் குழம்பு வைத்தாக வேண்டும்.

அம்மாவுக்கு எழுதத் தெரியாது. அம்மா சொல்லச் சொல்ல நான்தான் இன்லேண்டில் எழுதினேன். "ஒரு கைப்பிடி மல்லி, நாலு விரல் அள்ளி மிளகு, கண்ணளவுக்குப் புளி." பத்து நாளில் அக்காவிடமிருந்து பதில்: "யாருடைய கைப்பிடி? அம்மா கைப்பிடியா, என் கைப்பிடியா?"

நியாயமான கேள்வி. அம்மாவை நாடார் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கடைக்காரர் தராசை நிறுத்திப் பிடிக்க, அம்மா மல்லியை அள்ளித் தட்டில் போட்டாள். மூன்று தடவை அள்ளச் சொன்னேன். மூன்று தடவையும் 25 கிராம், முள் அசையவில்லை. கடைக்காரர் தராசைப் பார்க்கவில்லை, அம்மா கையைப் பார்த்தார். அந்த எடையை எழுதி அனுப்பினேன். பிலாயில் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் பெண்கள் எல்லாம் அந்த இன்லேண்டை வாங்கி நகல் எடுத்துக்கொண்டார்களாம். அம்மா தொண்ணூற்று மூன்றில் போய்விட்டாள். அந்தக் கடிதம் அக்காவிடம் இருக்கிறது என்று நம்புகிறேன்.

சரி, வலைப்பதிவுக் காலத்துக்கு வருவோம். 2002 ஆகஸ்ட். நியூயார்க்கில் ஜூலி பவல் என்ற பெண். முப்பது வயதை நெருங்குகிறார், எழுத்தாளராக ஆசை, செய்வதோ அரசு அலுவலகத்தில் செயலாளர் வேலை. ஜூலியா சைல்டு முதலான மூவர் எழுதி 1961-ல் வந்த பிரெஞ்சு சமையல் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, அதில் உள்ள 524 பதார்த்தங்களையும் 365 நாளில் செய்து முடிப்பேன், தினமும் எழுதுவேன் என்று இணையத்தில் அறிவித்தார். குறிப்பு எதுவும் அவருடையது இல்லை. வாடகை வீட்டின் சின்ன சமையலறை, வேலை முடிந்து இரவு எந்நேரமோ சாப்பாடு, அழுகை, கணவரின் பொறுமை, இவைதான் அவருடையவை. முடிப்பாரா மாட்டாரா என்று பார்க்கவே ஆயிரக்கணக்கானவர்கள் வந்தார்கள். 2005-ல் புத்தகம், 2009-ல் சினிமா. ஜூலியா சைல்டு அம்மையாருக்கு இந்த முயற்சி பிடிக்கவில்லை என்பார்கள். ஜூலி பவல் 2022-ல் 49 வயதில் இதயத் துடிப்பு நின்று இறந்துபோனார்.

ஆசிரியனாக எனக்குப் பிடித்தது 9 வயது மார்த்தா பெய்ன். ஸ்காட்லாந்தில் லாக்கில்ப்ஹெட் என்ற சிற்றூர். 2012 ஏப்ரல் கடைசியில் பள்ளியில் தனக்குக் கிடைக்கும் மதிய உணவைப் படம் பிடித்துத் தினமும் எழுத ஆரம்பித்தாள். அப்பா உதவி செய்தார். ஆரம்பத்தில் போட்ட ஒரு படத்தில் ஒரு துண்டு பீட்சா, பொரித்த உருளைக்கிழங்கு உருண்டை ஒன்றே ஒன்று, கொஞ்சம் மக்காச்சோளம், ஒரு கப் கேக். வளர்கிற பிள்ளைக்கு இது போதுமா என்று அவளே கேட்டாள். பத்துக்கு எத்தனை மதிப்பெண், எத்தனை வாய் வந்தது, உடம்புக்கு நல்லதா, முடி கிடந்ததா என்று பட்டியல். முடிக்குத் தனிக் கலம் போட்ட அந்த நேர்மைக்கு நானாக இருந்தால் நூற்றுக்கு நூறு போட்டிருப்பேன். சத்துணவுக் கூடத்தில் நான் ருசி பார்த்துக் கையெழுத்துப் போட்ட நோட்டில் "நன்று" என்பதைத் தவிர வேறு எழுதியதாக ஞாபகம் இல்லை.

ஜூன் மாதம் ஒரு பத்திரிகை, சமையல் செய்யும் அம்மாக்களை வீட்டுக்கு அனுப்பும் நேரம் வந்துவிட்டது என்கிற தோரணையில் தலைப்புப் போட்டது. உடனே உள்ளாட்சி மன்றம், பள்ளிக்குள் படம் எடுக்கக் கூடாது என்று அந்தப் பிள்ளைக்குத் தடை போட்டது. மார்த்தா விடைபெறுகிறேன் என்று எழுதினாள். உலகமே மன்றத்தைத் திட்டித் தீர்த்தது. மறுநாளே தடை நீங்கியது. மலாவி நாட்டில் ஒரு பள்ளிக்குச் சமையல்கூடம் கட்ட அவள் 7,000 பவுண்டு திரட்டிக்கொண்டிருந்தாள். சில நாட்களில் அது லட்சம் பவுண்டைத் தாண்டியது. சமையல்கூடம் எழும்பியது, அவளே நேரில் போய்ப் பார்த்தாள்.

9 வயதுப் பிள்ளைக்குச் சமைக்கத் தெரியுமா? தெரிய வேண்டியதில்லை. அவள் உட்கார்ந்த பெஞ்சியில் உட்கார்ந்து எழுத வேறு ஆள் இல்லை, அவ்வளவுதான்.

இவ்வளவையும் குறித்து வைத்துக்கொண்டு மாணவிக்குப் போன் போட்டேன். வகுப்பு எடுக்கிற பழக்கம் போகவில்லை, ஹன்னாவில் ஆரம்பித்தேன். பாதியில், "ஒரு நிமிசம் சார், அடுப்புல காய் கொதிக்குது, தண்ணிய வடிச்சுட்டு வரேன்" என்றாள்.

திரும்பி வந்ததும், "காயை ஏம்மா வடிக்கிற, சத்தெல்லாம் போயிடாதா?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகுதான் சொன்னாள். வீட்டுக்காரருக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. அரசு மருத்துவமனையில் வாரம் இரண்டு தடவை டயாலிசிஸ். அவருக்குப் பொட்டாசியம் ஏறக்கூடாது. அதனால் காயைப் பொடியாக நறுக்கி, நிறைய தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் சமைக்க வேண்டும். உப்பு அளந்து. தண்ணீர்கூட அளந்து, ரசத்தையும் மோரையும் அதில் சேர்த்துத்தான் கணக்கு. இளநீர் ஆகாது. இரண்டு வருடமாக இப்படித்தான் சமைக்கிறாள். புளியைக் குறைத்து, உப்பைக் குறைத்து, ஆனாலும் மனிதர் முகம் சுளிக்காமல் சாப்பிட வேண்டுமே என்று வெங்காயத்தை வதக்குவதிலும் சீரகத்தைத் தாளிப்பதிலும் என்னென்னவோ செய்து பழகியிருக்கிறாள். டயாலிசிஸ் வார்டில் பக்கத்துக் கட்டில்காரர்களின் வீட்டுப் பெண்கள் இவளிடம் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டு போகிறார்களாம்.

"அப்ப அந்தப் பிரியாணி?"

"அது வீடியோவுக்கு சார். எடுத்து முடிச்சு பக்கத்து வீட்டுக்குக் குடுத்துடுவேன். அவரு முன்னாடி வச்சுத் திங்க முடியுமா?"

எனக்குச் சட்டென்று பேச வரவில்லை. அமெரிக்காவில் ஷானா என்ற பெண்ணுக்குக் கோதுமை ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய் என்று 2005-ல் தெரியவந்தது. அதே வருடம் கோதுமையில்லாத சமையலைப் பற்றி வலைப்பதிவு ஆரம்பித்து அதிலேயே பெயர் பெற்றார். அதைச் சொன்னேன். பிறகு, வார்டில் எழுதிக்கொண்டு போகிறார்களே, அவர்கள்தான் உன் கடிதக்காரர்கள் என்றேன்.

அவளுக்குத் தயக்கம் இருந்தது. சொந்தக்காரர்களுக்கு டயாலிசிஸ் விஷயம் தெரியாது. பெண் கல்யாணத்துக்கு நிற்கிறாள். நான் வற்புறுத்தவில்லை. ஒன்றே ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொன்னேன்: இது பிரியாணி அல்ல, அளவு தப்பினால் ஆளுக்கு ஆபத்து, ஒவ்வொரு நோயாளிக்கும் கணக்கு வேறு. ஒவ்வொரு குறிப்பையும் எழுதி, மருத்துவமனை டயட்டீஷியனிடம் காட்டி, அவர் சரி என்றால்தான் போட வேண்டும். வீட்டுக்காரரிடமும் கேட்டுக்கொள்.

மூன்று வாரம் சத்தமில்லை. நேற்று இரவு அழைத்தாள். வீட்டுக்காரர், "என் முகம் தெரியாம கையை மட்டும் காட்டு, நான் சாப்பிடுறதை எடு" என்று சொல்லிவிட்டாராம். ஒரு நாற்பது பக்க நோட்டில் பத்து குறிப்பு எழுதி டயட்டீஷியன் அம்மாவிடம் கொடுத்திருக்கிறாள். ஒன்பதுக்கு டிக். பத்தாவதில், சாதா உப்புக்குப் பதில் கடையில் விற்கும் குறைந்த சோடியம் உப்பு போடலாம் என்று இவள் எழுதியதை அந்த அம்மா அடித்துவிட்டார். அந்த உப்பில் சோடியத்தைக் குறைத்துப் பொட்டாசியத்தைச் சேர்க்கிறார்களாம். சிறுநீரக நோயாளிக்கு அது விஷம் மாதிரி. பக்கத்தில் எழுதியும் கொடுத்திருக்கிறார்.

"சிவப்பு மையில சார். நீங்க திருத்திக் குடுத்த நோட்டு மாதிரியே இருக்கு."

முதல் வீடியோ ஞாயிற்றுக்கிழமை வருகிறது. சுரைக்காய்க் கூட்டு. இணைப்பு வந்ததும் இங்கே போடுகிறேன். அக்கா, அந்த இன்லேண்ட் கிடைத்தால் ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள் பேத்தியிடம்.

(கைப்பேசியில் தட்டுவதால் எழுத்துப்பிழை இருக்கும். தமிழய்யா பார்த்தால் மன்னிக்கவும்.)